கொடைக்கானல் காளானும் ஆஸ்பத்திரி ஊசியும்... மனச்சோர்வுக்கு 'ட்ரிப்' மருந்தாகுமா?

திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பெயரின் காரணம் தெரிந்திருக்கும். அகத்தியருக்கு மூலிகைகளின் குணங்களையும் வைத்திய முறைகளையும் சிவபெருமான் உபதேசித்த தலம் என்கிறது தலபுராணம். உடம்புக்கு முடியாதவர்கள் பேரில் அர்ச்சனை செய்து, விபூதியை மடித்து வீட்டுக்கு எடுத்துவருவது இன்றும் நடக்கிறது. கோயிலிலிருந்து கொஞ்ச தூரம் போனால் டைடல் பார்க். அங்கே ராத்திரி ஷிஃப்ட் முடித்து வருகிற பிள்ளைகளின் செல்போனில் இன்னொரு மருந்துப் புராணம் ஓடிக்கொண்டிருக்கிறது. 'ஒரே ஒரு மேஜிக் மஷ்ரூம் ட்ரிப்... பல வருஷ டிப்ரெஷன் காலி!'

'கஞ்சா கேஸ்கள் கிளப்பிவிடும் கதை' என்று இதை ஒதுக்குவது சுலபம். ஆனால், உலகின் பெரிய மருத்துவப் பல்கலைக்கழகங்கள் சில, இருபது வருடங்களாக இதைத்தான் சோதித்துக்கொண்டிருக்கின்றன. முடிவுகளில் சில நிஜமாகவே நம்பிக்கை தருகின்றன. சிக்கல் என்னவென்றால், ஆய்வுக்கூடத்தில் மருந்தாகக் கொடுப்பதும் மலையில் பொட்டலமாகக் கிடைப்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதை ரீல் சொல்வதில்லை.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மகனுக்கு 28 வயது. ஓ.எம்.ஆரில் வேலை. இரண்டு வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறான். ஒரு டாக்டர், அப்புறம் இன்னொரு டாக்டர். தூக்கம் கொஞ்சம் பரவாயில்லை. மற்றபடி காலில் கல்லைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோலத்தான் நாள் ஓடுகிறது. "அம்மா, ஃப்ரெண்ட்ஸோட கொடைக்கானல் போயிட்டு வர்றேன்" என்கிறான். பையன் நாலு இடம் பார்த்தால் மனசு மாறும் என்று அம்மா புளிசாதம் கட்டிக்கொடுக்கிறார். எதற்குப் போகிறான் என்பது அவருக்குத் தெரியாது. அங்கே வாங்கப்போவதில் என்ன இருக்கிறது என்பது அவனுக்கும் தெரியாது.

சைக்கிளில் வீடு திரும்பிய விஞ்ஞானி

இந்த வகைப் பொருள்களை 'சைக்கடெலிக்' என்கிறார்கள். மனதைத் திறந்து காட்டுவது என்ற அர்த்தத்தில், ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் 1950-களில் உண்டாக்கிய சொல். மேஜிக் மஷ்ரூமில் இருக்கும் சைலோசைபின், எல்.எஸ்.டி, மெக்ஸிகோவில் ஒருவகைக் கள்ளிச்செடியில் கிடைக்கும் மெஸ்கலின் ஆகியவை இந்தக் குடும்பம். கஞ்சா, ஹெராயின், கோகைன் எல்லாம் வேறு வேறு குடும்பங்கள்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சாண்டோஸ் மருந்து கம்பெனியில் வேலை பார்த்தவர் ஆல்பர்ட் ஹாஃப்மன். தானியக் கதிரில் பிடிக்கும் எர்காட் என்ற பூஞ்சையை ஆராய்ந்துகொண்டிருந்தவர், 1938-ல் எல்.எஸ்.டி-யை உருவாக்கினார். அப்போது அதில் யாருக்கும் எந்த விசேஷமும் தெரியவில்லை. ஐந்து வருடம் கழித்து, 1943 ஏப்ரல் 19 அன்று, ரொம்பக் குறைவு என்று தான் நினைத்த அளவை விழுங்கிப் பார்த்தார். வெறும் கால் மில்லிகிராம். அது குறைவே இல்லை! உதவியாளரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சைக்கிளில் வீடு திரும்பினார். வழியெல்லாம் உலகம் நெளிந்தது. பால் கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாள், சூனியக்காரியாகத் தெரிந்தார்.

இன்னொரு பக்கம், மெக்ஸிகோவின் மலைக் கிராமங்களில் காளானைச் சாப்பிட்டு நோய்க்குக் குறி சொல்லும் சடங்கு வெகுகாலமாக இருந்தது. மரியா சபீனா என்ற பெண்மணி நடத்திய சடங்கில் கலந்துகொண்ட அமெரிக்க வங்கி அதிகாரி கார்டன் வாஸன், 1957-ல் 'லைஃப்' பத்திரிகையில் அதை எழுதினார். அந்தக் காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தவரும் ஹாஃப்மன்தான், 1958-ல். கட்டுரை வந்த பிறகு அந்தக் கிராமத்துக்கு வெளிநாட்டார் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியதும், ஊரார் கோபம் மரியா சபீனா மீது திரும்பி அவர் வீடு எரிக்கப்பட்டதும் தனிச் சோகம். (வேதத்தில் வரும் சோமபானம் ஒரு காளான்தான் என்று 1968-ல் புத்தகம் போட்டவரும் இதே வாஸன்தான். அது இன்றுவரை நிரூபணமாகவில்லை. 'நம்ம ரிஷிகளுக்கு அன்றே தெரியும்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

1950, 60-களில் குடிப்பழக்கம், மனச்சோர்வு, புற்றுநோயாளிகளின் மரண பயம் என்று பலவற்றுக்கும் டாக்டர்கள் இவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு விஷயம் ஆஸ்பத்திரியை விட்டுத் தெருவுக்கு வந்தது. ஹிப்பிகள், போர் எதிர்ப்பு, அரசியல்... 1970-ல் அமெரிக்கா கடுமையான சட்டம் போட்டது, 1971-ல் ஐ.நா. உடன்படிக்கை வந்தது. நம் நாட்டில் 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். மனிதர்களிடம் செய்யும் ஆய்வு பல வருடங்களுக்கு ஏறக்குறைய நின்றேபோனது. 2006-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழு வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் சூடு பிடித்தது.

அரைத்த மாவையே அரைக்கும் மூளை

மனச்சோர்வில் இருப்பவர்களின் பேச்சைக் கவனித்திருப்பீர்கள். 'நான் எதுக்கும் லாயக்கில்லை', 'எல்லாம் என்னாலதான்.' அரைத்த மாவையே அரைப்பதுபோல அதே எண்ணம் சுற்றிச் சுற்றி வரும். நாம் சும்மா உட்கார்ந்து நம்மைப் பற்றியே யோசிக்கும்போது, மூளையின் சில பகுதிகள் ஒன்றாகச் சேர்ந்து இயங்குகின்றன. 'நான்' என்ற கதையை ஓட்டிக்கொண்டிருக்கும் வலைப்பின்னல் என்று அதைச் சொல்லலாம். மனச்சோர்வில் அது இறுகிப்போகிறது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

சைலோசைபின் உடம்புக்குள் போனதும் சைலோசின் என்று மாறுகிறது. அதன் அமைப்பு, மூளையில் இயற்கையாகவே இருக்கும் செரட்டோனினைப் போன்றது. நரம்புச் செல்களின் மேல் செரட்டோனினுக்கென்று பலவகைப் பூட்டுகள் உண்டு. அவற்றில் '2ஏ' என்ற பூட்டை இந்தக் கள்ளச்சாவி திறந்துவிடுகிறது. அந்தப் பூட்டை வேறொரு மருந்தால் முன்கூட்டியே அடைத்துவிட்டால், எவ்வளவு சைலோசைபின் கொடுத்தாலும் உருவெளித் தோற்றங்கள் வருவதில்லை. சூரிச் விஞ்ஞானிகள் 1998-லேயே இதை மனிதர்களிடம் காட்டிவிட்டார்கள். பூட்டு திறந்த சில மணி நேரத்துக்கு, 'நான்' வலைப்பின்னலின் தாளம் கலைகிறது. தடம் பதிந்த வண்டிப்பாதையில் மழை பெய்து மண் இளகுவதுபோல. அந்தச் சமயத்தில் புதுத்தடம் போட முடியும் என்பதுதான் சிகிச்சையின் அடிப்படை. யேல் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு ஒரே ஒரு வேளை கொடுத்துப் பார்த்ததில், நரம்புச் செல்களின் இணைப்பு முனைகள் சுமார் 10 சதவிகிதம் கூடியதாகவும், ஒரு மாதம் கழித்தும் அது மறையவில்லை என்றும் 2021-ல் எழுதினார்கள். எலி வேறு, மனிதர் வேறு. ஆனாலும் இது சாதாரண விஷயமில்லை.

செரட்டோனின் கதையில் நம் நாட்டு மூலிகை ஒன்றுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தி வேர் மனநோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் உதவுகிறது என்று 1931-ல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். அந்த வேரிலிருந்து ரிசர்பைன் என்ற மருந்து வந்தது. அதைச் சாப்பிட்டவர்களில் சிலர் சோர்ந்து முடங்கியதையும், அது மூளையின் செரட்டோனினைக் காலி செய்வதையும் பார்த்த பிறகுதான், மனச்சோர்வுக்கும் மூளை ரசாயனங்களுக்கும் முடிச்சுப் போட்டார்கள். நாட்டு மருந்துக்கடை வேர் ஒன்று சோதனைக்கூடம் போய், அளவு தெரிந்த மாத்திரையாகத் திரும்பி வந்த கதை அது. காளான் இன்னும் அந்தப் பாதையின் நடுவழியில் நிற்கிறது.

எண்கள் என்ன சொல்கின்றன?

இரண்டு மூன்று மாத்திரைகள் மாற்றிப் பார்த்தும் குணமாகாத மனச்சோர்வுக்காரர்கள் 233 பேரிடம், பத்து நாடுகளில் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2022-ல் வெளியானது. 25 மில்லிகிராம் சைலோசைபின் ஒரே ஒரு முறை கொடுக்கப்பட்டவர்களில், மூன்றாவது வாரம் 37 சதவிகிதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். பேருக்கு 1 மில்லிகிராம் கொடுக்கப்பட்டவர்களில் 18 சதவிகிதம். அதாவது, இரண்டு மடங்கு. ஆனால், 12 வாரம் வரை அந்த முன்னேற்றம் நீடித்தது 20 சதவிகிதம் பேருக்கே. தற்கொலை எண்ணம், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது போன்றவை எல்லாப் பிரிவிலும் சிலருக்கு வந்தன. அடுத்த கட்டச் சோதனையின் முதல் முடிவு 2025 ஜூனில் வந்தது. 60 புள்ளி அளவுகோலில், சும்மா மாத்திரை சாப்பிட்டவர்களைவிட சராசரியாக 3.6 புள்ளி கூடுதல் முன்னேற்றம். பலன் இருக்கிறது. 'பல வருஷ டிப்ரெஷன் காலி' என்கிற அளவுக்கு இல்லை.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இதைவிட நெருக்கமான இன்னொரு நோய் குடி. திருவான்மியூரை ஒட்டிய இந்திரா நகரில், குடிநோயாளிகளுக்காக 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர் அவர். குடிப்பவனை ஒழுக்கம் கெட்டவன் என்று மட்டுமே பார்த்த காலத்தில், இது நோய் என்று சொல்லி, மனைவியையும் வீட்டாரையும்கூட உட்காரவைத்துப் பேசிய இடம். அங்கே காளான் கொடுப்பதில்லை. பேச்சும் மருந்தும் தொடர் கவனிப்பும்தான். ஆனால், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இதே நோய்க்குப் பேச்சு சிகிச்சையோடு சைலோசைபினையும் இரண்டு முறை சேர்த்துப் பார்த்தார்கள். 93 பேர். அடுத்த 32 வாரங்களில், அளவுமீறிக் குடித்த நாள்கள் சைலோசைபின் பிரிவில் 9.7 சதவிகிதம், வேறு மாத்திரை கொடுத்த பிரிவில் 23.6 சதவிகிதம். 2022-ல் இது வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. என்னைக் கேட்டால், டாஸ்மாக் கடை இருக்கிற ஒவ்வொரு தெருவும் திரும்பிப் பார்க்கவேண்டிய எண் இது. இதை நம் ஊர் நோயாளிகளிடமும் முறைப்படி சோதிக்க ஒரு மருத்துவக் கல்லூரி முன்வந்தால் நன்றாக இருக்கும்.

சரி, 'மைக்ரோடோஸ்' என்று துளித்துளியாகச் சாப்பிட்டால் வேலையில் மூளை பளிச்சிடும் என்கிறார்களே? 191 பேரை வைத்து லண்டன் இம்பீரியல் கல்லூரி நடத்திய ஆய்வில், வெற்று கேப்சூல் சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பளிச்சுதான்!

மருந்தில் பாதி, அந்த அறை

சோதனைகளில் காளானைத் தட்டில் வைத்துக் கொடுப்பதில்லை. அளவெடுத்த, சுத்தமான சைலோசைபின் கேப்சூல். அதற்கு முன்னால் நீண்ட விசாரணை. குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு நோயோ, பைபோலார் நோயோ உண்டா? இருந்தால் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வதில்லை. அடங்கிக் கிடக்கும் நோயைத் தட்டி எழுப்பிவிடலாம். இதயம், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். பலமுறை உட்காரவைத்துப் பேசி, என்ன நடக்கும் என்று தயார் செய்கிறார்கள். அன்றைய தினம் அமைதியான அறை, கட்டில், கண்ணுக்குப் பட்டை, காதுக்கு இசை. பயிற்சி பெற்றவர்கள் ஆறு முதல் எட்டு மணி நேரம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பயந்து அலறினால் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் உண்டு. மறுநாளும் அடுத்த வாரங்களிலும், பார்த்ததை வைத்து வாழ்க்கையில் என்ன மாற்றுவது என்று பேசுகிறார்கள். மண் இளகியிருக்கும்போது தடம் போடும் வேலை இதுதான்.

இவ்வளவு இருந்தும் பிரச்னைகள் உண்டு. யாருக்கு நிஜ மருந்து, யாருக்குச் சும்மா மாத்திரை என்பதைச் சோதனையில் மறைக்க வேண்டும். சுவர் மூச்சு விடுவதைப் பார்த்தவரிடம் எப்படி மறைப்பது? தனக்கு மருந்து கிடைத்துவிட்டது என்ற சந்தோஷமே பாதி குணம் தந்துவிடலாம். எம்.டி.எம்.ஏ என்ற இன்னொரு மருந்தை மன அதிர்ச்சி நோய்க்கு அனுமதிக்கும்படி வந்த விண்ணப்பத்தை, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஆகஸ்டில் ஏற்க மறுத்ததற்கு முன் நடந்த விவாதங்களில், இந்தச் சந்தேகம் பெரிதாக அடிபட்டது. அந்த மருந்தின் முந்தைய சோதனை ஒன்றில், மயக்க நிலையில் இருந்த பெண்ணிடம் சிகிச்சையாளர்களே எல்லை மீறிய சம்பவமும் பேசப்பட்டது. மனதைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்திருப்பவர் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது, மருந்தின் அளவைப்போலவே முக்கியம். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், சிறப்பு அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும் இவ்விரண்டையும் எழுதிக்கொடுக்கலாம்.

கொடைக்கானலில் என்ன கிடைக்கும்?

பழநி மலைத்தொடரின் ஈரப் புல்வெளிகளில் சைலோசைபின் வகைக் காளான்கள் முளைப்பது உண்மைதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத் தாவரவியல் துறையில் இருந்த பேராசிரியர் கே.நடராஜன், தென்னிந்தியக் காளான்களை விரிவாக ஆராய்ந்தவர். சைலோசைபி இனத்தில் ஒன்றுக்கு மெக்ஸிகோ விஞ்ஞானி காஸ்டன் குஸ்மான் 'சைலோசைபி நடராஜனி' என்று அவர் பெயரையே வைத்தார். வாழ்நாளெல்லாம் காளான் பார்த்தவர்கள் நுண்ணோக்கியில் வைத்துத்தான் இன்ன வகை என்று அடித்துச் சொல்வார்கள். சுற்றுலாப் பயணியிடம் பொட்டலம் நீட்டுபவரிடம் நுண்ணோக்கி கிடையாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் சிறு பழுப்புக் காளான்களில், கல்லீரலை அழித்து ஆளையே கொல்லும் வகைகளும் உண்டு. நல்ல காளானே என்றாலும், அதில் எவ்வளவு சைலோசைபின் என்பது காளானுக்குக் காளான் மாறும். விலாசம் தெரியாத காட்டேஜ், கூடவே மதுபானம், பக்கத்தில் அதே நிலையில் நண்பர்கள், வெளியே பள்ளத்தாக்கு. ஆய்வு அறையில் கவனமாக விலக்கிவைத்த அத்தனையும் இங்கே ஒன்றுகூடி நிற்கின்றன.

சட்டமும் உண்டு. 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கில், இயற்கையாக முளைக்கும் காளானை போதைப்பொருள் 'கலவை' என்று கருத முடியாது என்றது. உடனே 'மேஜிக் மஷ்ரூமுக்குத் தடை நீங்கியது' என்று பரவிவிட்டது. அப்படியில்லை. காளானின் மொத்த எடையை வைத்து வழக்கின் அளவைக் கணக்கிடலாமா என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. உள்ளே இருக்கும் சைலோசைபின், தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் அப்படியேதான் இருக்கிறது. அதே சட்டத்தின் 8-வது பிரிவு, மருத்துவத்துக்கும் அறிவியல் ஆய்வுக்கும் விதிகளுக்கு உட்பட்டு விலக்கு வைத்திருக்கிறது. ஆய்வாளர்களுக்கான வழி அது, காட்டேஜுக்கு அல்ல.

திறந்திருக்கும் ஒரே கதவு

இந்தியாவில் இன்று டாக்டர் மூலமாக, சட்டப்படி கிடைப்பது கெட்டமைன். அசல் சைக்கடெலிக் அல்ல. ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். 1962-ல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட மயக்க மருந்து. தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போதும், குழந்தைகளுக்குச் சின்ன அறுவை சிகிச்சையின்போதும் நம் அரசு மருத்துவமனைகளில் பல்லாண்டாகப் புழங்குவது. மயக்க அளவைவிடக் குறைவாக, நாற்பது நிமிடம் நரம்பு வழியே ஏற்றினால், சில மணி நேரத்தில் மனச்சோர்வு தணிவதை 2000-ல் யேல் குழு ஏழு நோயாளிகளிடம் பார்த்தது. 2006-ல் இன்னொரு ஆய்வு. 17 பேரில் 12 பேருக்கு ஒரே நாளில் நல்ல முன்னேற்றம். ஒரு வாரம் கழித்து அது ஆறு பேருக்குத்தான் நீடித்தது. வழக்கமான மாத்திரைகள் வேலை செய்ய வாரக்கணக்காகும். தற்கொலை எண்ணத்தின் விளிம்பில் நிற்பவருக்கு அந்த வித்தியாசம் உயிர். 2019-ல் இதன் மூக்கு ஸ்ப்ரே வடிவத்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தபோதும், கிளினிக்கிலேயே போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்றுதான் நிபந்தனை.

நம் பெருநகரங்களில் மனநல மருத்துவர்கள் சிலர், மயக்கவியல் மருத்துவர் துணையோடு இந்த ஊசியைக் கொடுக்கிறார்கள். ஒரு தடவையோடு முடியாது, செலவும் கூட. அடிக்கடி போட்டால் பழக்கமாகும், சிறுநீர்ப்பை புண்ணாகும். ஒருகாலத்தில் சென்னை விமான நிலையத்தில் கடத்தல் கெட்டமைன் கிலோ கணக்கில் பிடிபட்டதும், 2011-ல் இது போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் சாண்ட்லராக நடித்த மேத்யூ பெர்ரி, 2023 அக்டோபரில் வீட்டில் இறந்துகிடந்தார். பிரேதப் பரிசோதனை சொன்ன முதன்மைக் காரணம், கெட்டமைன். டாக்டரிடம் முறையாகச் சிகிச்சை பெற்றவர், வெளியே கள்ளத்தனமாகவும் வாங்கியிருந்தார்.

அந்த 28 வயதுப் பையனுக்கு இன்னும் எத்தனை வழிகள் மிச்சம் இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். 2015-16-ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சோர்வு உள்ளவர்களில் 100-க்கு 85 பேர் சிகிச்சைக்கே போகவில்லை. போகிறவர்களிலும் முதல் மாத்திரையில் முழுக் குணம் கிடைப்பது சுமார் மூன்றில் ஒருவருக்கு. ஆக, 'எனக்கு மருந்து வேலை செய்யலை' என்பதற்கு முன்னால் கேட்கவேண்டியவை நிறைய. சரியான அளவில் ஆறு முதல் எட்டு வாரம் சாப்பிட்டாயிற்றா? தைராய்டு, பி12 பார்த்தாயிற்றா? இது பைபோலாராக இருக்குமோ? பேச்சு சிகிச்சை? தமிழ் சினிமா பூதமாகக் காட்டிவைத்திருக்கும் 'ஷாக் ட்ரீட்மென்ட்', இன்று மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்படும், கடுமையான மனச்சோர்வுக்கு மிக வலுவான சிகிச்சைகளில் ஒன்று. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சிரிக்கவைத்த வசனங்கள், எத்தனை பேரை டாக்டர் வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியிருக்குமோ!

ஏற்கெனவே எதையாவது சாப்பிட்டுப் பார்த்திருந்தால், டாக்டரிடம் மறைக்காதீர்கள். முக்கியமாக, லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் எல்.எஸ்.டி-யோ காளானோ எடுத்தால் வலிப்பு வரும் அபாயம் உண்டு. காளான் சாப்பிட்டுவிட்டு வாந்தி, வயிற்றுவலி என்றால், 'தெளிந்துவிடும்' என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மிச்சக் காளான் இருந்தால் அதையும் கையோடு எடுத்துப்போங்கள். வீட்டுப் பெரியவர்கள், அந்த நேரத்தில் திட்டுவதை அடுத்த நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

மனம் தாளாத நேரத்தில், எந்த மணிக்கும், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும், சென்னை சிநேகா அமைப்பின் 044-24640050 எண்ணும் உண்டு.